குருதி தரும் சான்று: சீலியாக் நோயும் எதிர்ப்பொருள் சோதனையும்



மொழிக்கென அமைந்த அவையில் குருதிச் சோதனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. மருத்துவமனையிலிருந்து வரும் சோதனைத் தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சாகி வருகின்றது. அதனைக் கையில் வாங்கும் தோட்டத்துப் பெற்றோர் பொருள் கேட்டு நாடுவது தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, இடைநிலைப்பள்ளியில் பயிலும் தம் பிள்ளையையோதான். 'பாசிட்டிவ்' என்னும் சொல்லைக் கண்டு நற்செய்தி என்று மகிழ்வாரும் உளர். 'நெகட்டிவ்' என்பதைக் கண்டு கேடு வந்ததென்று கலங்குவாரும் உளர். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதனால் ஒரு குழந்தையின் உணவும் வளர்ச்சியும் தவறான வழியில் திரும்பிவிடக்கூடும். எனவே இது மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருளன்று; படித்துப் பொருள் சொல்லும் பொறுப்புடைய நம் அனைவர்க்கும் உரியது.

இன்றைய உரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. எதிர்ப்பொருள் சோதனையை ஒரு சாட்சியின் வாக்குமூலமாகக் கொள்ளுதல் வேண்டும். அதனையே தீர்ப்பாகக் கொள்ளுதல் ஆகாது. சாட்சி சொன்னது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை ஆராய்ந்த பின்னரே அதன் எடை தெரியும்.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. ரொட்டி சானாய்க்குப் பிசைந்த மாவு கிழியாமல் மெல்லிய துணிபோல் விரிவதற்குக் காரணம் இப்புரதத்தின் பசைத்தன்மையே. புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் இதில் மிகுதியாக இருப்பதால், நம் செரிமான நொதிகளால் இதனை முற்றாகச் சிதைக்க இயலுவதில்லை. எஞ்சிய துண்டுகள் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாமல் கழிந்துவிடுகின்றன.

ஒரு சிலர்க்கோ அத்துண்டுகள் சிறுகுடலின் உட்சுவருக்குள் புகுகின்றன. அங்குள்ள டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்னும் நொதி அவற்றின் வேதி அமைப்பைச் சற்றே மாற்றிவிடுகின்றது. மாறிய துண்டுகளை டி.கியூ.2, டி.கியூ.8 எனப்படும் மரபுக்கூறுகளை உடையவர்களின் தற்காப்பு அணுக்கள் பகையெனக் கொள்கின்றன. விளைவாகக் குடலின் உட்புறத்தில் விரல்கள்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதுவே சீலியாக் நோய்.

குடலுறிஞ்சிகள் தேய்ந்தால் உண்ட உணவின் சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், எடை குறைதல் ஆகியன நன்கறியப்பட்ட அறிகுறிகள். வயிற்றில் எத்தொல்லையும் இன்றிக் குருதிச்சோகையாக மட்டும், எலும்பு நலிவாக மட்டும், வயதுக்கேற்ற உயரம் இன்மையாக மட்டும் இந்நோய் வெளிப்படுவதும் உண்டு. உணவிலுள்ள இரும்புச்சத்து பெரிதும் சிறுகுடலின் முற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றது. நோய் முதலில் தாக்குவதும் அப்பகுதியையே. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் சோகை தீராதவரிடம் மருத்துவர் இந்நோயை ஐயுறுவதற்குக் காரணம் இதுவே.

பஞ்சம் காட்டிய உண்மை

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவர்க்கு இவ்வையம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைக்காத அந்நாள்களில் இந்நோயுடைய குழந்தைகள் உடல் தேறியதையும், ரொட்டி மீண்டும் வந்தபோது நோய் திரும்பியதையும் மருத்துவ உலகம் கண்டது. 1950-இல் டிக்கே தம் ஆய்வேட்டில் இத்தொடர்பை விரிவாக எழுதினார்.

அதே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்த மலாயாவில் அரிசி அரிதாகி, தோட்டத் தமிழர் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர். அங்கே மறைந்தது கோதுமை. இங்கே மறைந்தது அரிசி. நம் முன்னோர் சோற்றுக்கு ஏங்கினரேயன்றி ரொட்டிக்கு ஏங்கியவரல்லர். கோதுமை அவர்களின் அன்றாட உணவாக இருந்ததில்லை. இச்சிறு வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

உடலுக்குள் அயற்பொருள் புகும்போது அதனை அடையாளங்கண்டு பற்றுவதற்கென உடல் ஆக்கும் புரதமே எதிர்ப்பொருள். சீலியாக் நோயில் உடல் இருவகை எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது. ஒன்று கோதுமைப் புரதத்துக்கு எதிரானது. மற்றொன்று, வியப்புக்குரிய வகையில், முன்னர்க் கூறிய டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்னும் நம் சொந்த நொதிக்கே எதிரானது. இந்நொதியே இலக்கு என்பதை 1997-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின் சோதனை எளிதாயிற்று.

கோதுமைப் புரதத்தை மட்டும் இலக்காகக் கொண்ட பழைய கிளையடின் எதிர்ப்பொருள் சோதனை நலமுள்ள பலரிடமும் எதிர்ப்பொருளைக் காட்டியதால், நோயறியும் முதற்சோதனை என்னும் இடத்தை இழந்தது. இன்று முதற்சோதனையாகச் செய்யப்படுவது 'டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.' எனத் தாளில் குறிக்கப்படும் சோதனை. தேவையானவிடத்து 'இ.எம்.ஏ.' என்னும் சோதனையும் உடன் செய்யப்படும். இது நுண்ணோக்கியின்கீழ்க் கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் சோதனை; மிகத் துல்லியமானது; ஆயினும் பார்ப்பவரின் பயிற்சியைச் சார்ந்தது.

சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

சோதனைத் தாளைக் கையில் எடுத்தவுடன் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி: சோதனைக்கு முன் அவர் கோதுமை உண்டுவந்தாரா? இக்கேள்வி விடுபடுவதால் நேரும் குழப்பம் பெரிது. குளூட்டன் உள்ளே வந்தால்தான் உடல் எதிர்ப்பொருளை ஆக்கும். உணவிலிருந்து அதனை நீக்கினால், மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் குறைந்து மறையும். யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாகவே கோதுமையை விட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்துச் சோதனைக்குச் செல்பவரிடம் நோய் இருந்தும் சோதனை அதனைக் காட்டாமல் போகலாம். சாட்சி அவ்விடத்திலேயே இல்லாதபோது அவரிடம் கேள்வி கேட்பதால் பயன் யாது? இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுநெறி, சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்கள், நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவை உண்டிருத்தல் வேண்டும் என்கின்றது. ஆகவே ஐயம் எழுந்தால் முதலில் சோதனை. பின்னரே உணவு மாற்றம். இவ்வரிசையை மாற்றலாகாது.

இரண்டாம் கேள்வி: மொத்த ஐ.ஜி.ஏ. அளவு பார்க்கப்பட்டதா? முதற்சோதனை தேடுவது ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளை. சிலர்க்குப் பிறவியிலேயே அவ்வகை எதிர்ப்பொருள் முழுவதும் குறைவாக இருக்கும். சீலியாக் நோயாளருள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவர் இத்தகையோர். அவர்களிடம் சோதனை 'இல்லை' என்று சொல்வதில் பொருளில்லை. அச்சாட்சிக்குப் பேச நாவில்லை. அவர்களுக்கு ஐ.ஜி.ஜி. வகையைத் தேடும் வேறு சோதனைகள் உள்ளன.

மூன்றாம் கேள்வி: எண் எவ்வளவு, அதன் மேல்வரம்பு எவ்வளவு? ஒரு சோதனைக்கூடத்தில் 20 என்பது மேல்வரம்பாக இருக்கலாம். வேறொன்றில் 7 அல்லது 10 ஆக இருக்கலாம். எனவே 15 என்னும் எண் ஓரிடத்தில் இயல்பு, ஓரிடத்தில் மிகை. இரண்டு தாள்களின் எண்களை நேராக ஒப்பிடுதல் ஆகாது. மேல்வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்றே காணுதல் வேண்டும். வரம்பைச் சற்றே தாண்டிய அளவு வேறு தற்காப்புக் கோளாறுகளிலும், கல்லீரல் நோயிலும், சில தொற்றுகளின் பின்னும் காணப்படுவதுண்டு. மேல்வரம்பைப்போல் 10 மடங்கும் அதற்கு மேலும் இருப்பின் நிலைமை வேறு. குழந்தைகளிடம் அவ்வாறு கண்டு, இரண்டாம் முறை எடுத்த குருதியில் இ.எம்.ஏ. சோதனையும் அதனை உறுதி செய்தால், திசு எடுக்காமலேயே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல் வகுத்தது. ஏனையோர்க்கு உள்நோக்கிக் கருவி வழியே சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து சிறு திசுத்துண்டுகளை எடுத்துப் பார்த்தே முடிவு சொல்லப்படும்.

இவற்றோடு மரபுக்கூற்றுச் சோதனை ஒன்றும் உண்டு. டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டும் இல்லையெனின் இந்நோய் இருப்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று இருப்பதால் மட்டும் நோய் உண்டு என்று கொள்ளலாகாது. உடையவர் பலர், நோயுறுவோர் சிலர்.

வேலூரும் வடநாடும்

நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. சோதனை யாரிடம், எவ்விடத்தில் செய்யப்பட்டது? இதனை விளக்க நம் தாய்த்தமிழகம் பங்குகொண்ட ஆய்வொன்றே சான்றாக உள்ளது. இந்தியாவின் வடபகுதி, வடகிழக்குப் பகுதி, தென்பகுதி ஆகிய மூன்று இடங்களில் 23,331 பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. தென்பகுதிக்குரிய ஆய்வுக்களம் வேலூர் வட்டாரம்.

மரபுக்கூறு உடையோர் வடக்கில் 38.1 விழுக்காடு, வடகிழக்கில் 31.4 விழுக்காடு, தெற்கில் 36.4 விழுக்காடு. வடக்குக்கும் தெற்குக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். சீலியாக் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 என்றும், தெற்கில் ஆயிரத்துக்கு 0.11 என்றும் மதிப்பிடப்பட்டது. மண் ஒன்றுபோல் இருந்தும், விதைத்தது வேறாயின் விளைவும் வேறாகும் அன்றோ? கோதுமையின் அளவு மட்டுமே முழு விளக்கமாகாது என்பதையும் சொல்லுதல் வேண்டும். வடகிழக்கில் நாளொன்றுக்கு 37 கிராம் கோதுமையே உண்கின்றனர். அங்கு நோய் ஆயிரத்துக்கு 4.66.

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய எண் இனி வருகின்றது. குருதியில் எதிர்ப்பொருள் இருந்தும் குடல் திசுவில் நோய்க்குரிய சிதைவு இல்லாதோரும் அவ்வாய்வில் கணக்கிடப்பட்டனர். அத்தகையோர் வடக்கில் ஆயிரத்துக்கு 3.70, தெற்கில் ஆயிரத்துக்கு 1.22. இனிக் கணக்கிடுவோம். வடக்கில் பதினாயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 85 பேர் நோயாளர். 37 பேர் எதிர்ப்பொருள் மட்டும் உடையோர். தெற்கில் பதினாயிரம் பேரில் நோயாளர் ஏறத்தாழ ஒருவர். எதிர்ப்பொருள் மட்டும் உடையோர் 12 பேர். வடக்கில் எதிர்ப்பொருள் கண்ட பத்துப்பேரில் ஏழுபேர் நோயாளர். தெற்கில் எதிர்ப்பொருள் கண்ட பதின்மூவரில் நோயாளர் ஒருவரே. தேடிய எதிர்ப்பொருள் ஒன்றே. தாளில் வரும் சொல்லும் ஒன்றே. பொருளோ இடத்துக்கு இடம் மாறுகின்றது. நோய் அரிதாக உள்ள இடத்தில் அறிகுறி ஏதுமற்ற அனைவரையும் சோதித்தால், வீணாகக் கலங்குவோரின் தொகையே பெருகும்.

மலேசியாவில் 562 இளைஞர்களிடம் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1.25 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. இது எதிர்ப்பொருள் உடையோர் தொகை, நோயாளர் தொகையன்று. இதனைக் காட்டி நாட்டில் நூற்றுக்கொருவர்க்கு இந்நோய் உண்டு என்று அறைவதும் தவறு. ஆசிய மக்களுக்கு இந்நோய் வாராது என்று ஒதுக்குவதும் தவறு.

கேமரன் மலையின் அடுக்களை

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், கொழுந்து பறிக்க வந்த தமிழர் சோறுண்ணும் மக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் காலையில் ரொட்டி சானாய், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி என உண்கின்றனர். மரபுக்கூறு மாறவில்லை, தட்டு மாறியிருக்கின்றது. ஆதலால், தாத்தாவுக்கு வாராத நோய் பேரனுக்கு எப்படி வரும் என்னும் வாதம் இங்கே செல்லாது.

அதே வேளையில் அளவறிந்து ஐயுறுதலும் வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் சோகை காணப்பட்டால் இரும்புச்சத்துக் குறைந்த உணவு, மாதவிடாய்க் குருதியிழப்பு, கொக்கிப்புழு, தலசீமியா ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். நம் மலையின் விளைபொருளாகிய தேயிலைக்கும் இதில் பங்குண்டு. தேநீரில் குளூட்டன் இல்லை. ஆயினும் உணவோடு சேர்த்துப் பருகும்போது கீரை, பயறு ஆகியவற்றின் இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கின்றது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் பருகுதல் செலவில்லாத மருந்து. இவையனைத்தும் பார்த்தபின்னும் சோகை தீராதவர், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தை, நெடுநாள் வயிற்றுப்போக்குடையவர், முதல்வகை நீரிழிவு உடையவர், சீலியாக் நோயாளரின் உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர்க்கே இச்சோதனை முதன்மையாக உரியது.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை நீக்குவதே மருத்துவம். நம் மரபுணவில் பெரும்பகுதி இதற்குத் தடையில்லை. சோறு, இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு, கேழ்வரகு, பயறு, மரவள்ளி ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. மறைந்திருக்கும் இடங்களை அறிதலே அரிது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது உண்டு. கிச்சாப் செய்யச் சோயாவோடு கோதுமையும் சேர்க்கின்றனர். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சைவ இறைச்சி எனப்படுவனவற்றுள் பல குளூட்டனாலேயே ஆனவை. ரொட்டி சானாய் சுட்ட அதே கல்லில் சுட்ட தோசையும் இந்நோயாளர்க்கு ஆகாது.

கூருணர்வு என்னும் மற்றொரு நிலை

சோதனைகள் அனைத்தும் இயல்பாக இருந்தும், கோதுமை உண்டால் வயிறு உப்புகின்றது, தலை வலிக்கின்றது என்போர் உளர். அவர்தம் துன்பம் மெய்யானதே. சீலியாக் நோயும் கோதுமை ஒவ்வாமையும் இல்லையென உறுதிசெய்த பின்னர் இந்நிலையைக் குளூட்டன் கூருணர்வு என்பர். இதனைக் காட்டும் குருதிச் சோதனை இன்றுவரை இல்லை. பழைய கிளையடின் எதிர்ப்பொருள் இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்பட்டாலும், நலமுள்ளோரிடமும் அது காணப்படுவதால் சான்றாகாது. துன்பம் தருவது குளூட்டன்தானா என்பதும் உறுதியில்லை. நார்வேயில் 59 பேரிடம் நடத்தி 2018-இல் வெளிவந்த ஆய்வில், குளூட்டனைவிடக் கோதுமையிலுள்ள ஃபிரக்டன் என்னும் மாவுச்சத்தே தொல்லையை மிகுவித்தது. அந்த ஃபிரக்டன் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான உணவுப்பொருள்களுக்கு ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் பார்த்து, எவற்றை விலக்குவது என்று பட்டியல் தரும் சோதனைகள் விற்கப்படுகின்றன. ஓர் உணவுக்கு ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் இருத்தல், அவ்வுணவை அவர் உண்டுவருகின்றார் என்பதையே பெரிதும் காட்டும். உணவு ஒவ்வாமையை அறிய இவற்றைப் பயன்படுத்தலாகாது என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008-லேயே அறிவித்தது. நாட்கூலியில் வாழும் குடும்பம் இத்தகைய பட்டியலுக்குப் பணம் செலவிட்டு, முட்டையையும் பாலையும் பயற்றையும் பிள்ளையின் தட்டிலிருந்து நீக்குமாயின், நோயில்லாத இடத்தில் நலிவை நாமே வருவித்தவராவோம்.

ஆசிரியர் கடன்

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு தாய் இத்தகைய தாளைக் கொண்டுவந்தால், 'பாசிட்டிவ்' என்பதை 'நோய் உண்டு' என்று பெயர்க்காதீர்கள். 'எதிர்ப்பொருள் காணப்பட்டது' என்று சொல்லுங்கள். 'நெகட்டிவ்' என்பதை 'நோய் இல்லை' என்று பெயர்க்காதீர்கள். 'எதிர்ப்பொருள் காணப்படவில்லை' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நிரப்ப வேண்டியவர் மருத்துவர். பின்னர், பிள்ளை ரொட்டியும் மீயும் வழக்கம்போல் உண்டுவந்தானா, மொத்த ஐ.ஜி.ஏ. பார்க்கப்பட்டதா, மேல்வரம்பு எவ்வளவு என்னும் கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அத்தாயின் கையில் கொடுங்கள். திசுச் சோதனைக்காக ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை உணவை மாற்ற வேண்டாம் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

மாணவச் செல்வங்களே, அறிவியலைத் தாய்மொழியில் அறிதல் தேர்வுக்காக மட்டும் அன்று. உங்கள் வீட்டுப் பெரியோர் கையில் உள்ள தாளுக்கு அச்சமும் மயக்கமும் இன்றிப் பொருள் சொல்லவும் அதுவே துணை.